பரீட்சையில் மேலதிக நேரம் கேட்பது எப்படி? (குறைபார்வை உள்ள வளாக மாணவர்களுக்கு)

முதல் செமஸ்டரில் வினாத்தாளை மூக்கில் முட்டுகிற தூரத்தில் பிடித்து வாசித்தேன். கடைசிக் கேள்விக்குப் போகமுன் மணி அடித்துவிட்டது. அடுத்த செமஸ்டரில் அரை மணித்தியாலம் கூடக் கிடைத்தது. இடையில் செய்ததை, இந்த வருஷம் வளாகம் போகிற திருகோணமலைத் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதி வைக்கிறேன்.

1. வைத்தியர் கடிதம்

கிளினிக் கொப்பியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். தனியார் கடிதத்தைவிட அரச வைத்திய நிபுணரின் கடிதத்துக்கு மறுகேள்வி குறைவு.

நான் சறுக்கியது இங்கேதான். என் கடிதத்தில் நோயின் பெயரும் 6/60 என்ற அளவும் மட்டுமே இருந்தன. மற்றவர்கள் 60 மீற்றரில் காண்பதை நான் 6 மீற்றருக்குக் கிட்ட வந்தால்தான் காண்பேன் என்று அர்த்தம். அலுவலகத்தில் இருந்த ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். பிழை என்னுடையது, என்ன தேவை என்று எழுதித் தரும்படி நான் வைத்தியரிடம் கேட்கவேயில்லை. திரும்ப கிளினிக் திகதி வர ஒரு மாதம்.

ஆகவே தேவைகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மேலதிக நேரம், பெரிய எழுத்து, தேவையென்றால் சொல்வதை எழுத ஒருவர். வைத்தியரின் கடிதத்திலேயே இவை வரவேண்டும்.

2. விண்ணப்பம்

துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு. பிரதிகள் பரீட்சைப் பிரிவுக்கும் மாணவர் ஆலோசகருக்கும். செமஸ்டர் தொடங்கியதுமே கொடுங்கள், நேரசூசி ஒட்டிய பிறகு ஓடினால் யாரையும் பிடிக்க முடியாது. உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.

"உதவி செய்யவும்" என்று மொட்டையாக எழுதாமல் கணக்குச் சொல்லுங்கள். மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கு நான் 45 நிமிடம் கேட்டேன், 30 தந்தார்கள். ஏ4 தாளை ஏ3க்குப் பெருப்பிப்பதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 12 புள்ளி எழுத்து 17 ஆகும், உண்மை. ஆனால் கைப்பிடிப் பலகைக் கதிரையில் அந்தத் தாளை விரித்தால் விடைத்தாளை எங்கே வைப்பது? ஏ4இலேயே 18 புள்ளியில் அச்சடித்துத் தரக் கேளுங்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தெரிந்து வைத்திருங்கள். முதல் கடிதத்திலேயே அதைத் தூக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

பரீட்சையன்று அனுமதிக் கடிதத்தின் போட்டோ கொப்பியோடு 15 நிமிடம் முந்திப் போங்கள். மேற்பார்வையாளருக்கு விஷயம் போயிராது.

3. விரிவுரைக் குறிப்பு

திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குக் காசு கொடுக்க வேண்டாம். என்விடிஏ (NVDA) என்பது இலவசம், எனக்கு அதுவே போதும். தமிழ்க் குரல் தகரத்தில் தட்டின மாதிரி இருக்கும், இரண்டு கிழமையில் பழகிவிடும்.

உண்மையான தலையிடி பாமினி. அந்த எழுத்துருவில் திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். என்விடிஏ அதைத்தான் உளறும். சேரிடம் வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்கி, இணையத்தில் இருக்கிற பாமினி–யுனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். யுனிகோட்டில் அடியில் கிடப்பதும் தமிழ் எழுத்துதான், என்விடிஏ சரியாக வாசிக்கும். ஒரு நிமிட வேலை.

4. பிரதேச செயலகம்

கிராம சேவகர் கடிதத்தோடு சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். உபகரண உதவி பற்றிக் கேட்க வேண்டியது அவரிடம்தான்.

பிற்சேர்க்கை: ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வரும். 'ர'வும் அரவும் ('ா') மாறி விழும், பெயர்களை மட்டும் பக்கத்து அறை நண்பியிடம் ஒருக்கால் வாசிக்கச் சொல்லுங்கள்.