மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே சறுக்குமரமா? தொடக்கப் பள்ளித் திடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஆனால் நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அங்கன்வாடியும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. மணி அடித்ததும் இரண்டரை வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே திடலுக்குத்தான் ஓடி வருகிறார்கள். சின்னதின் உச்சந்தலை பெரியதின் நெஞ்சு உயரத்துக்குத்தான் வரும். எடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த இருவருக்கும் ஒரே ஏணி, ஒரே ஊஞ்சல் என்று திடல் அமைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கலும் தொடங்குகிறது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டுத் திடலும் உண்டு. விளையாட்டுச் சாதனங்களை ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்பத் தர வேண்டும் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. வாங்கும்போது இந்த ‘ஒவ்வொரு வகுப்புக்கும்’ என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

‘3 முதல் 12 வயது வரை’ என்ற செட்டை வாங்குவது

முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டுவார்கள், அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் நன்கொடை தருவார். கேட்லாக்கில் பார்த்து, ஏணி, மேடை, இரண்டு சறுக்கு, ஒரு தொங்கு கம்பி எல்லாம் சேர்ந்த பெரிய செட் ஒன்றை வாங்கி நடுவில் நட்டுவிடுவார்கள். புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு 2–5 வயதையும் 5–12 வயதையும் தனித்தனியாகப் பிரித்தே அளவு சொல்கிறது. மேடையின் ஓரத்தில் கைப்பிடித் தடுப்பு தேவைப்படும் உயரம் சின்னவர்களுக்கு 20 அங்குலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு 30 அங்குலம். தடுப்பின் மேல்கம்பி சின்னவர்களுக்கு 29 அங்குலமாவது இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு 38. ஒரே செட்டில் இரண்டையும் சமாளிக்க முயன்றால் யாராவது ஒருவருக்குப் பொருந்தாமல் போகும்.

அதே பணத்தில் இரண்டு சின்னச் சாதனங்கள் வாங்குங்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டரை அடிக்கு மிகாத மேடையோடு ஓர் அகலச் சறுக்கு. பெரிய வகுப்புகளுக்கு நான்கடி உயரத்தில் ஏறும் சட்டமும் தொங்கு கம்பியும். ஒரே இடத்தில் வாங்கிவிட்டால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். தொங்கு கம்பியை உள்ளூர் வெல்டரே நன்றாகச் செய்துவிடுவார். பிடிக்கும் கம்பியின் தடிமன் மட்டும் 25 முதல் 38 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சின்னக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாமல் நழுவும்.

பலகை எழுதி வயதைப் பிரிப்பது

‘8 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும்’ என்று எழுதி மாட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தானே அந்த எச்சரிக்கை தேவை? வயதைப் பிரிக்க வேண்டியது பலகை இல்லை, சட்டத்தின் முதல் படிதான். பெரியவர்கள் ஏறும் சட்டத்தில் மணலிலிருந்து முதல் பிடி வரை இரண்டடி இடைவெளி விடுங்கள். நடுவில் கால் வைக்கக் குறுக்குக் கம்பி, போல்ட், காங்கிரீட் திட்டு எதுவும் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை முட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஏறும் வலு என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு அதுவே ஏறிக்கொள்ளும்.

இந்தப் பூட்டை உடைப்பது பெரும்பாலும் வளர்ந்தவர்களான நாம்தான். ‘பாவம், ஆசைப்படுது’ என்று தூக்கி மேலே உட்கார வைப்பார்கள். தானாக ஏறத் தெரியாத இடத்திலிருந்து தானாக இறங்கவும் தெரியாது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் பெற்றோருக்கும் இதை ஒரு விதியாகவே சொல்லிவைக்க வேண்டும்: விழுகிற பிள்ளையைப் பிடிக்கலாம், ஏறுகிற பிள்ளையைத் தூக்கிவிடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் சின்னவர்களுக்கே அமைத்துவிட்டால் ஐந்தாம் வகுப்புக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அவர்கள் சறுக்கில் தலைகீழாக ஏறுவார்கள், மேடையின் கூரை மேல் நிற்பார்கள், சீசாவின் ஒரு முனையில் மூன்று பேர் குதிப்பார்கள். அது குறும்பு இல்லை. அந்த உடம்புக்குச் சவாலான வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தொங்கு கம்பி, உயரம் மாறி மாறி நட்ட கட்டைகள், கிளித்தட்டுக்கும் கபடிக்கும் கோடு போட்ட இடம் எல்லாம் அவர்களுக்கு வேண்டும். கபடிக்கு 11 × 8 மீட்டர் போதும். கோடுகளைக் கிழக்கு மேற்காக நீள விடாமல் வடக்கு தெற்காக நீள விடுங்கள். காலை, மாலை வெயில் கண்ணில் குத்தாது.

ஓடுகிறவர்களின் வழியில் தவழ்கிறவர்களை வைப்பது

மூன்று வயதுப் பிள்ளை நடக்கும்போது தரையைப் பார்க்கும், நடுவில் நின்று எறும்பு பார்க்கும். ஏழு வயதுப் பிள்ளை துரத்துகிறவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடும். பத்து வயதுப் பிள்ளையின் கண் பந்தின் மேல். இந்த மூன்று பேரும் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் மோதல் நிச்சயம். எந்தத் திடலுக்கும் திட்டம் போடும் முன் வகுப்பறை வாசல், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சத்துணவுக் கூடம் நான்கையும் தாளில் குறித்து, பிள்ளைகள் ஓடும் வழிகளைக் கோடு போட்டுப் பாருங்கள். ஊஞ்சல் அந்தக் கோடுகள் எதிலும் விழக் கூடாது. ஏதாவது ஒரு மூலைக்குப் போக வேண்டும்.

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சங்கிலி மாட்டும் கம்பி ஆறடி உயரத்தில் இருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு, அதாவது முன்னால் 12 அடி, பின்னால் 12 அடி காலியாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஆறடி. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதாக மாட்டினால் நடு ஊஞ்சலுக்குப் போகும் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றின் முன்னால் குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும். இருக்கை மரப்பலகையாகவோ இரும்பாகவோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். வளைகிற ரப்பர் பட்டைதான் நெற்றியில் பட்டாலும் பிளக்காது.

சின்னவர்கள் பகுதி அங்கன்வாடி வாசலை ஒட்டி இருக்கட்டும். இரண்டடி உயர வேலிச்செடியோ, தாழ்வான திண்ணையோ போதும். அதற்கு மேல் சுவர் எழுப்பினால், ஓர் ஆசிரியர் ஓரிடத்தில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியாது. ஈராசிரியர் பள்ளியில் இது பெரிய விஷயம்.

சறுக்குக்குக் கீழே பேவர் பிளாக்

திடலைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது. கேடு அதிகம் செய்வதும் இதுவே. பேவர் பிளாக், காங்கிரீட், இறுகிப்போன செம்மண், தேய்ந்த புல் எல்லாம் விழுகிற தலைக்கு ஒன்றுதான்.

மணல் போடுகிறோம் என்பவர்களும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது, எம்-சாண்ட். அதில் தூள் அதிகம், துகள்கள் கூர்முனை கொண்டவை. நாலு மழைக்குப் பிறகு கெட்டித்துப் பாறை மாதிரி ஆகிவிடும். கிரஷர் தூள் அதைவிட மோசம். தூளும் களிமண்ணும் இல்லாமல் கழுவிச் சலித்த உருண்டை மணல் வேண்டும். கையில் ஒரு பிடி ஈரமணலை அழுத்திப் பிடித்துத் திறந்து பாருங்கள். காய்ந்த பிறகும் உருண்டையாகவே நின்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, ஆழம். அமெரிக்கக் கையேட்டின்படி 9 அங்குல மணல் நான்கடி உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் காப்பு. அதனால்தான் மேலே ஏறும் சட்டத்துக்கு நான்கடி உயரம் என்றது. மிதிபட்டு இறங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் நிரப்ப வேண்டும். நான்கடி உயரச் சறுக்கு, ஏணியோடு சேர்த்துச் சுமார் 10 அடி நீளம், 2 அடி அகலம் வரும். சுற்றிலும் ஆறடி சேர்த்தால் 22 × 14, அதாவது 308 சதுர அடி. ஓர் அடி ஆழத்துக்கு மூன்று யூனிட் மணல் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). ஒரு யூனிட்டைக் கொட்டி நிரவிவிட்டு மணல் போட்டாயிற்று என்று கணக்கு எழுதினால் நாலு அங்குலம்கூடத் தேறாது.

ஊஞ்சலில் விழும் உயரத்தைச் சங்கிலி மாட்டும் கம்பியிலிருந்து கணக்கிட வேண்டும். ஆகவே ஆறடி ஊஞ்சலுக்கு 9 அங்குல மணல் போதாது. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தில்தான் ரப்பர் தரை போட முடியும் என்றால் ஊஞ்சலுக்குக் கீழே போடுங்கள். அதுவும் எத்தனை அடி வீழ்ச்சிக்குச் சோதிக்கப்பட்டது என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் விரிக்கும் மெல்லிய விரிப்பு இதற்கு ஆகாது.

மணல் குழியின் அடியில் ஐப்பசி மழைக்கு வழி வேண்டும். நாலு அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் நீர் வடியும் துணி, பிறகு மணல். ஒரு பக்கம் சரிவாக வெளியே போகும் குழாய். துணி போடாமல் விட்டால் ஆறு மாதத்தில் ஜல்லியும் மணலும் கலந்து பிள்ளைகளின் முட்டியில் தெரியும். கால்களை ஊன்றிய காங்கிரீட்டின் மேல்முகம் மணலுக்கு அடியில் புதைந்திருக்க வேண்டும். மேஸ்திரிகள் வழக்கமாக அதை ஒரு திட்டு மாதிரி மேலே தூக்கி, பூசி, சில சமயம் வண்ணமும் அடித்துவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், உடைத்து இறக்கச் சொல்லுங்கள்.

மூன்றரை அங்குலம், ஒன்பது அங்குலம்

தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே ஐந்து அங்குல இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை எப்போதும் தலையை முதலில் விடாது. மேடையில் உட்கார்ந்து காலை வெளியே நீட்டும். இடுப்பு நழுவும், வயிறு நழுவும், நெஞ்சும் பக்கவாட்டில் நழுவிவிடும். தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். கீழே கால் எட்டாது. உடம்பின் முழு எடையும் கழுத்தில். இப்படித்தான் உயிர்ப் பலி நடக்கிறது. சத்தம்கூட வராது.

அதனால் எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் எதுவும் கூடாது. ஏணிப் படிகளுக்கு இடையிலும் இதே அளவுதான். சோதிக்கத் தச்சரிடம் இரண்டு துண்டு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்: 3.5 × 6.2 அங்குலத்தில் ஒரு செவ்வகக் கட்டை, ஒன்பது அங்குல விட்டத்தில் ஒரு வட்டப் பலகை. கட்டை நுழைந்து வட்டம் நுழையாத இடம் எல்லாம் வெல்டருக்கு வேலை. ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை தரும் முன் இதைச் செய்துவிட வேண்டும். பிறகு அவரைக் கூப்பிட்டாலும் வருவது அபூர்வம்.

மேல்நோக்கித் திறந்த ‘வி’ வடிவ இடுக்குகளும், நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளும் துணியையும் கயிற்றையும் பிடித்து இழுக்கும். போல்ட்டில் இரண்டு மரைக்கு மேல் வெளியே தெரிந்தால் அறுத்து மூடி போடுங்கள். இதில் நம் பள்ளிகளுக்கே உரிய ஆபத்து கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அந்த நாடா அறுந்து போகாது. சறுக்கின் உச்சியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் பிள்ளை கீழே வழுக்கும், நாடா மேலே நிற்கும். திடலுக்குப் போகும் முன் அட்டைகளைக் கழற்றி மாட்ட வகுப்பறை வாசலில் வரிசையாக ஆணி அடித்து வையுங்கள். இழுத்தால் தானே விட்டுவிடும் கொக்கி நாடாவும் கிடைக்கிறது.

வெயில், மரம், டயர்

தகரச் சறுக்கை வடக்குப் பார்த்து வைத்தால் சூடாகாது என்ற அறிவுரை வெளிநாட்டு நூல்களிலிருந்து வந்தது. நம் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே. நடுவில் ஜூனில் பள்ளி திறக்கும்போது சூரியன் வடக்கே சாய்ந்தே இருக்கும். ஆக இங்கே திசை உதவாது, நிழல்தான் உதவும். புங்கையும் வேம்பும் நல்லவை. மரம் வளரும் வரை மேலே நிழல்வலை கட்டுங்கள். புறங்கையைச் சறுக்கில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள்.

அரளி கூடவே கூடாது, மஞ்சள் அரளியும் சேர்த்து. செடி முழுக்க விஷம், காய் குழந்தைகள் சேகரிக்கும் வடிவத்தில் இருக்கும். குல்மோகர் காற்றுக்குக் கிளை முறியும். முருங்கையில் கம்பளிப்பூச்சி.

பழைய டயர்கள் மலிவு, நல்ல சாதனம். ஆனால் அடிப்பக்கம் நாலு ஓட்டை போடாமல் நட்டால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. லாரி டயரில் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டுகிறதா என்று விளிம்பெங்கும் கை வைத்துப் பாருங்கள்.

சக்கர நாற்காலி மணலில் போகாது. வாசலிலிருந்து ஊஞ்சல் வரை ஐந்தடி அகலத்தில் கெட்டியான பாதை ஒன்றும், முதுகு சாய்ந்து இடுப்புப் பட்டை போடக்கூடிய ஊஞ்சல் ஒன்றும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பள்ளிகளில் அது சேர்க்கப்படுவதே இல்லை.

திறப்பு விழாவோடு மறந்துவிடுவது

மணல் இருக்க வேண்டிய மட்டத்தில் ஒவ்வொரு காலிலும் சிவப்புக் கோடு அடியுங்கள். கோட்டுக்குக் கீழே இரும்பு தெரிந்தால் மணல் இறங்கிவிட்டது என்று தூய்மைப் பணியாளருக்கும் புரியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்கின் வாயிலும்தான் முதலில் பள்ளம் விழும். வாரம் ஒரு முறை மண்வெட்டியால் இழுத்து நிரப்பினால் போதும். சங்கிலிக் கொக்கியின் வாயில் ஏ.டி.எம். அட்டை நுழைந்தால் கொக்கியை நெருக்கி மூட வேண்டும்; வளையம் பாதி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இரும்புக் கால் மணலைத் தொடும் இடத்தில்தான் துரு தின்னும், பெயின்ட் அதை மறைக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். ‘டங்’ என்றால் நலம், ‘டொக்’ என்றால் அந்தக் கால் உள்ளே போயிற்று. மாலையில் மணல் குழியின் மேல் வலை போர்த்தாவிட்டால் நாயும் பூனையும் அதைக் கழிப்பிடமாக்கிவிடும்.

கோடை விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாள், பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் போய் மூடி இல்லாத குழாய் முனைகளையும் சறுக்கு மேடையின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இத்தனை நாள் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குளவி கூடு கட்டியிருக்கும்.