மூன்றரைக் கட்டை ஏன் இல்லை? மேற்கத்திய இசையில் முதல் பாடம்

வடசென்னையில் இசைக் காது உள்ளவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் தட்டுவதற்கு ஒரு பெஞ்சு கிடைத்தால் போதும், கானா பிறந்துவிடும். பெரம்பூர்ப் பக்கம் மாதா கோயில் பாடகர் குழுவில் சேரத் துடிக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இவர்களில் பலர் மேஜர், மைனர், கார்ட் என்ற சொற்களைக் கேட்டதும் ஒதுங்கிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். தொடக்கத்தில் கற்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எத்தனை படி என்று எண்ணுவது. பெயர்களை உருப்போடாதீர்கள், தூரத்தை எண்ணுங்கள்.

கீபோர்டு வேண்டும். ஆர்மோனியம் இருந்தாலும் சரி, கட்டைகளின் அமைப்பு ஒன்றுதான். இரண்டும் இல்லையென்றால் செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ செயலி போதும்.

முதல் படி: பன்னிரண்டு

கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூடி நிற்பதைப் பாருங்கள். இரண்டு சேர்ந்து நிற்கும் இடத்தில், அவற்றுக்குச் சற்று இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் 'சி'. அங்கிருந்து வலப்பக்கமாக வெள்ளைக் கட்டைகள் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. அடுத்து மறுபடியும் சி வந்துவிடும். வெள்ளை 7, கறுப்பு 5, ஆக மொத்தம் 12. ஒரு கட்டையிலிருந்து ஒட்டியுள்ள அடுத்த கட்டைக்கு, அது கறுப்போ வெள்ளையோ, ஒரு படி. இதை செமிடோன் என்பார்கள்.

பன்னிரண்டு படி ஏறினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். அதிர்வெண் அப்போது சரியாக இரு மடங்கு ஆகியிருக்கும். நடு ஸ்தாயி 'ஏ' 440 ஹெர்ட்ஸ் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. அதற்கு மேல் உள்ள 'ஏ' 880.

இரண்டாம் படி: நமக்குத் தெரிந்த கட்டைக் கணக்கு

நம் பாடகர்கள் "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்வது இந்தக் கட்டைகளைத்தான். சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.

இங்கே சற்று நில்லுங்கள். மூன்றரை எங்கே? ஏழரை எங்கே? இல்லை. ஈ, எஃப் இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. பி, சி நடுவிலும் அப்படியே. ஆக மற்ற வெள்ளைக் கட்டைகளுக்கு இடையே இரண்டு படி, இந்த இரு இடங்களில் மட்டும் ஒரே படி. விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். இது பிடிபட்டுவிட்டால் இந்தப் பாடத்தில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

மூன்றாம் படி: மேஜர் ஸ்கேல்

சி முதல் சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். தூரம் இப்படி வரும்: 2, 2, 1, 2, 2, 2, 1. மேஜர் ஸ்கேல் என்பது இந்த எண்வரிசைதான், எங்கிருந்து தொடங்கினாலும் சரி.

இப்போது ஜியிலிருந்து, அதாவது ஐந்து கட்டையிலிருந்து எண்ணுங்கள். ஜி, ஏ, பி, சி, டி, ஈ வரை வெள்ளையிலேயே போகலாம். அடுத்து இரண்டு படி வேண்டும். ஈயிலிருந்து எஃப் ஒரு படிதான், போதாது. ஆகவே விரல் அதைத் தாண்டி நாலரைக் கட்டையின் கறுப்பில் விழுகிறது. அதுதான் எஃப் ஷார்ப், அதாவது எஃப்பைவிட ஒரு படி மேல். ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப் உண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி இப்படித்தான் பிறக்கிறது. எண்ணத் தெரிந்தவருக்கு அதை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களேதான். இதைச் சொல்ல வடசென்னைக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் முதலியார் ஒருவரின் ஆதரவில் நம் வடசென்னை மணலியில் வாழ்ந்தது. அந்தக் காலத்தில் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசை அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதியவைதாம் நோட்டுஸ்வரங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, இல்லாமல் நேர் ஸ்வரமாகச் செல்வதால் கீபோர்டில் அப்படியே வாசிக்கலாம். முதல் பயிற்சிக்கு இவற்றைவிடச் சிறந்தவை எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: கார்ட்

மேஜர் ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துங்கள்: சி, ஈ, ஜி. கீழிருந்து நான்கு படி, அதற்கு மேல் மூன்று படி. இது சி மேஜர். இப்போது நடுவிரலை மட்டும் ஒரு படி இறக்கி, ஈக்கு இடப்பக்கம் உள்ள கறுப்புக் கட்டையில் வையுங்கள். மூன்று, நான்கு என்று தூரம் இடம் மாறுகிறது. ஒலி உடனே கனத்துவிடும். இது சி மைனர். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லும் வரை விடாதீர்கள்.

தாளத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெரும்பாலான பாடல்கள் ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை, சில மூன்று. சதுச்ரமும் திச்ரமும் தெரிந்த காதுக்கு இது புதிதல்ல. ஐந்து கோடு போட்டு எழுதும் குறியீடும் இப்போது வேண்டாம். அதில் தொடங்கிச் சோர்ந்துபோனவர்கள் ஏராளம். கிரேடு தேர்வு எழுதப்போகிறவர்கள் அடுத்த மாதம் தொட்டால் போதும்.

ஐந்தாம் படி: மூன்று கார்டில் ஒரு பாட்டு

ஸ்கேலின் முதல், நான்காம், ஐந்தாம் ஸ்வரங்களில் ஒவ்வொரு கார்ட் கட்டுங்கள். சியில் சி-ஈ-ஜி, எஃப்பில் எஃப்-ஏ-சி, ஜியில் ஜி-பி-டி. ஏழு ஸ்வரங்களும் இந்த மூன்றுக்குள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். அதனால்தான் எளிய மேஜர் மெட்டுகளில் பலவற்றுக்கு இவை மட்டுமே துணை நிற்கின்றன.

மாதா கோயிலில் பாடும் எளிய பாடல் ஒன்றை எடுங்கள். வலக்கை மெட்டை வாசிக்கட்டும், இடக்கை ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிக்கையிலும் இந்த மூன்றில் ஒன்றை அழுத்தட்டும். பொருந்தாவிட்டால் காது சொல்லிவிடும், அடுத்ததை முயலுங்கள். சியில் கை பழகியதும் உங்கள் குரலுக்கு ஏற்ற கட்டைக்கு மாற்றுங்கள். ஐந்து கட்டையென்றால் ஜி, சி, டி. டியில் கட்டும் கார்டில் நடுவிரல் மீண்டும் அந்த நாலரைக் கட்டைக்குத்தான் போக வேண்டும்.