பேச முடியணும், பாட முடியக்கூடாது: பெரியவர்களின் நடைவேகத்துக்கு ஓர் அளவு

வீட்டுப் பெரியவரோடு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். அவரால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டு பாடினால் மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். கைக்கடிகாரக் கருவியோ ஜிம் கட்டணமோ தேவையில்லை.

மூளைக்குப் பலன் தருவது இந்த மிதமான வேகம். நடக்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதி வயதாக ஆகச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் வாரம் 3 நாள் ஓராண்டு நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது, வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. நடந்தவர்களும் முதல் நாளே 40 நிமிடம் நடக்கவில்லை. 10 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, அதனால் பேசிக்கொண்டே நிம்மதியாக நடக்கலாம்.

ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாமல் போகலாம், அவர்களில் சிலருக்கு மெதுவாக நடந்தாலே மூச்சு வாங்கும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நடந்துகொண்டே பேசினால் தடுமாறுகிறவர் என்றால் பேச்சை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழகிய வழியே மறந்துபோகிறது என்றால் நடையை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.