எத்தனை கிலோவாட் சோலார் வேண்டும்?

இரண்டு மாத மின் கணக்கீட்டில் வரும் யூனிட்டை 240-ஆல் வகுத்துவிடுங்கள். வீட்டுக்குத் தேவையான சோலார் அளவு கிலோவாட்டில் கிடைத்துவிடும். 480 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், 60 நாளுக்கு 240. கோடைக் கணக்கீட்டை மட்டும் நம்பாதீர்கள். ஏசி ஓடிய மாதங்கள் செலவை வீணாக ஏற்றிவிடும். ஓராண்டின் ஆறு கணக்கீடுகளுக்கும் சராசரி எடுங்கள்.

பேனல் தெற்கு நோக்கி, சென்னையில் என்றால் சுமார் 13 டிகிரி சாய்வில், நிழலின்றி இருந்தால்தான் இது பொருந்தும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். மின்வாரிய இணைப்பே இல்லாமல் பேட்டரியில் ஓடும் வீட்டுக்கு இந்தக் கணக்கு போதாது. அங்கே மழைக்கால வெளிச்சத்தை வைத்துத்தான் அளவிட வேண்டும்.