ஆர்டர் வேலையும் சொந்தப் படமும்: செட்டிநாட்டில் குடியேறும் ஓவியருக்கு

வெளியூரிலிருந்து வந்து காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தங்கும் ஓவியருக்கு முதல் வருமானம் சொந்தப் படத்திலிருந்து வராது. மணிவிழா அழைப்பிதழ், குடும்ப மலருக்குக் கோட்டோவியம், பழைய போட்டோவைப் பார்த்து எழுதும் ஐயா, ஆச்சி படங்கள், ஹோட்டலாக மாறிய வீடுகளுக்குச் சுவர்ப்படம் ஆகியவைதான் வாடகை கொடுக்கும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. நாடகத்திரை எழுதி, கோவில்பட்டியில் வந்து தங்கிய சி. கொண்டையராஜுவின் சாமி படங்கள் காலண்டராக அச்சாகித்தான் நம் பூசையறைகளுக்குள் வந்தன. ஆனால் ஆர்டர் வேலையையும் சொந்தப் படத்தையும் உரிமையிலும் நிறத்திலும் பிரித்து வைக்காவிட்டால் இரண்டிலும் நஷ்டம்.

முதலில் உரிமை. பலரும் ஏமாறுவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர் பணம் கொடுத்தவரே. வரவேற்பறைக்கென்று எழுதிய படம் அடுத்த வருடம் காபிக் கோப்பையிலும் துணிப்பையிலும் ஏறினால் கூடுதல் தொகை கேட்க வழியில்லை. ஆகவே அட்வான்ஸ் வாங்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: பதிப்புரிமை ஓவியருக்கு, வாங்குபவருக்கு இன்ன பொருளில், இத்தனை பிரதி, இத்தனை ஆண்டு, இன்னின்ன நாட்டில் அச்சிட அனுமதி. பாதித் தொகை முன்பணம், திருத்தம் இரண்டு முறை என்பதையும் அதிலேயே சேருங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இங்குள்ள குடும்பங்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா வரை உறவு உண்டு. மலர் அங்கும் போகுமென்றால் அதற்குத் தனியாகப் பேசுங்கள்.

சொந்தப் படத்துக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், 53ஏ பிரிவின்படி ஓவியருக்கு அதில் பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். முதல் உரிமை ஓவியருடையதாக இருந்தால்தான் இது கிடைக்கும். மேலே சொன்ன தாளின் மதிப்பு இப்போது விளங்கும்.

அடுத்து நிறம். அச்சுக்குப் போகும் படத்தில் சாய மையும் ஃப்ளோரசன்ட் நிறமும் இருக்கலாம். ஸ்கேன் செய்ததும் அதன் வேலை முடிந்துவிடும். கோட்டோவியத்தை 600 டிபிஐ, வண்ணப்படத்தை அச்சாகும் அளவில் 300 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பளிச்சென்ற நீலமும் ஆரஞ்சும் நான்கு வண்ண அச்சில் மங்கும். எனவே சிவகாசிக்கு ஃபைல் அனுப்பினால் புரூஃப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். அதே நிறங்களைச் சொந்தப் படத்தில் போட்டால் சில ஆண்டுகளில் வெளுக்கும். டியூபில், நிறம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஏஎஸ்டிஎம் தரம் 1 அல்லது 2 என்று இருப்பதை வாங்குங்கள். அலிசரின் கிரிம்சனுக்கு (டியூபில் நிறமிக் குறியீடு பிஆர் 83) பதில் குவினாக்ரிடோன் சிவப்பு நல்லது. சந்தேகமான நிறத்தை ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்தால் உண்மை தெரிந்துவிடும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம். கோடையில் அக்ரிலிக் தட்டிலேயே காயும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வீடுகளை வரைய அனுமதி வேண்டும். பெரிய வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது மணமான பல குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும். சாவி வைத்திருக்கும் காவலாளி தலையாட்டினால் போதாது. பங்காளிகளில் பொறுப்பில் உள்ளவரிடம், படம் விற்பனைக்கு என்பதையும் சொல்லியே கேளுங்கள்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், வரைய உட்கார்ந்ததும் தரையில்தான் பிழை வரும். ஆத்தங்குடிக் கற்களைக் கண்ணளவில் குறுக்கிக்கொண்டே போனால் தரை சரிவாகத் தெரியும். முன்வரிசைக் கல்லின் அகலங்களைச் சமமாகக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மறைபுள்ளிக்கு, அதாவது கண்மட்டக் கோட்டில் எல்லாக் கோடும் போய்ச் சேரும் புள்ளிக்கு, கோடு இழுங்கள். பிறகு முன்மூலையிலிருந்து கண்மட்டக் கோட்டில், பக்கவாட்டில் தள்ளி இருக்கும் ஒரு புள்ளிக்கு ஒரே மூலைவிட்டம். அது ஒவ்வொரு கோட்டையும் வெட்டும் இடத்தில் கிடைக்கோடு போட்டால் எல்லாக் கல்லும் சரியாக உட்காரும். முட்டைவெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய சுவரைக் காகித வெள்ளையாக விடுவது அடுத்த தவறு. அது தரையின் சிவப்பையும் தேக்கின் பழுப்பையும் வாங்கிக்கொள்ளும். அந்த நிறங்களை மிக மெல்லிசாகக் கழுவிவிட்டு, மினுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளையை மிச்சம் வையுங்கள். வெளிச்சம் முற்றத்தின் மேலிருந்து வருவதால் நேரம் தப்பினால் நிழல் மாறும். மறுநாள் அதே நேரத்துக்குப் போவதே உத்தமம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் வாங்கும். படத்தின் மரச்சட்டத்துக்குப் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கு இடைவெளி கொடுங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். தொட்டால் நீர் கோத்துப் பூஞ்சை வரும். அட்டை அமிலமில்லாததா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓரம் பழுக்கும்.

விற்குமுன் ஒவ்வொரு மூலப்படத்தையும் ஸ்கேன் செய்து, பின்பக்கம் பென்சிலில் வரிசை எண், தேதி போட்டு, வாங்கியவர், விலை, கொடுத்த அனுமதி மூன்றையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். மறுவிற்பனைப் பங்கு கேட்கும் நாளில் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.