கை நீட்டிவிட்டால் என்ன செய்வது?

ஒரு பெண் சிரித்த முகத்தோடு கை நீட்டுகிறார், நீங்களோ அந்நியப் பெண்ணுக்குக் கை கொடுப்பதில்லை என்று இருக்கும் முஸ்லிம் ஆண். இந்த இடத்தில் பலர் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டு திருதிருவென விழிப்பார்கள், சங்கடமே அதில்தான். கை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பார்த்ததுமே முந்திக்கொண்டு வலது கையை நெஞ்சில் வைத்து, லேசாகத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அதையும் மீறி நீட்டிவிட்டால், "தப்பா நினைக்காதீங்க, நான் பெண்களுக்குக் கை கொடுக்கிறதில்லை" என்று சிரித்தபடி ஒரு வரி. அங்கேயே பயான் (மார்க்கச் சொற்பொழிவு) ஆரம்பிக்க வேண்டாம். நபிகளே பெண்களிடம் பைஅத்தை (விசுவாச உறுதிமொழியை) வாய்ச்சொல்லாகத்தான் வாங்கினார்கள், கை தொட்டதில்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது, யாராவது கேட்டால் சொல்லுங்கள். பெண்கள் ஆண்களிடமும் இதே மாதிரிதான்.

யார் மஹ்ரம் என்பதில்தான் நிறையக் குழப்பம். திருமணம் என்றென்றும் தடுக்கப்பட்ட உறவுகள்தான் மஹ்ரம். பெரும்பகுதிப் பட்டியல் குர்ஆன் 4:23ல் வருகிறது. தாய், மகள், சகோதரி, அத்தை (தந்தையின் சகோதரி), சின்னம்மா (தாயின் சகோதரி), மாமியார், பால்குடி உறவில் வந்த தாயும் சகோதரியும், இவர்களோடு கை கொடுக்கத் தடையில்லை. ஆனால் அத்தை மகள், சித்தப்பா மகள், அண்ணி, மாமன் மனைவி எல்லாம் மஹ்ரம் இல்லை, கூடவே வளர்ந்திருந்தாலும் சரி. மச்சினியும் அப்படித்தான், அக்கா மனைவியாக இருக்கும்வரை தங்கையை மணக்க முடியாது என்பது தற்காலிகத் தடை, அவ்வளவுதான். வீட்டுக்குள் "இவ நம்ம பொண்ணுதானே" என்று சொல்லியே இது நழுவிப்போகிறது, வெளியாளிடம் காட்டும் கண்டிப்பில் பாதியைக்கூட இங்கே யாரும் காட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

மஹ்ரம் அல்லாத வயதான மூதாட்டிக்குக் கை கொடுப்பதை ஹனஃபி மத்ஹப் (சட்டப் பள்ளி) அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள், ஷாஃபி மத்ஹபில் அந்தத் தளர்வு இல்லை.

சிகிச்சை என்றால் பெண்ணுக்குப் பெண் மருத்துவரை முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் பார்க்கலாம், தேவையான இடத்தை மட்டும், உடன் ஒருவர் இருக்க. தண்ணீரில் மூழ்குகிறவரை இழுக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் செய்யும் சுத்தம். ஷாஃபியில் மஹ்ரம் அல்லாத ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டால், தெரியாமல் பட்டாலும், ஒளு முறியும், கணவன் மனைவிக்கும் அதேதான். ஹனஃபியில் வெறும் தொடுதலால் முறியாது. ஒளுவோடு கஅபாவைச் சுற்றும் தவாஃப் நெரிசலில் படாமல் சுற்றுவது நடக்கிற காரியமா, அதனால் ஷாஃபிகள் பலர் அங்கே மட்டும் ஹனஃபி கருத்தை எடுத்துக்கொள்கிறார்கள், கிளம்பும் முன்பே உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.