ஊரிலிருந்தபடியே செயலியில் கார் ஓட்ட: முதலில் காலி ஓட்டத்தை எண்ணுங்கள்

கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. 45 நாளைக்கு ஒரு தேங்காய் வெட்டு. நடுவில் தண்ணீர் பாய்ச்சுவது போக நேரம் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் கோவைக்குப் போய், போனில் வாடகைக் கார் பிடிக்கும் செயலியில் கார் ஓட்டுகிறேன். "நாமும் ஓட்டலாமாண்ணா?" என்று கேட்கிற ஊர்த் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நோட்டில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

வண்டியைத் தொடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து கோவை உக்கடம் சுமார் 20 கிலோமீட்டர். போக வர 40. கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆள் இல்லாமல் போய்வரவே 220 ரூபாய்க்கு மேல். டயருக்கும் சர்வீசுக்கும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஒதுக்குவது என் வழக்கம்; அது 120. ஆக, தினமும் 340 ரூபாய் கடனோடுதான் நாம் கிளம்புகிறோம். நகரத்தில் குடியிருக்கிற டிரைவருக்கு இந்தச் சுமை இல்லை. இரண்டு மணி நேரம்தான் ஒழியும் என்றால், அன்றைக்குப் போகாதீர்கள். போனால் ஆறு மணி நேரமாவது நின்று ஓட்டுங்கள்.

இதை நம்பிக் கடனில் புதுக் கார் எடுக்க வேண்டாம். வெட்டு நாளிலும் மழை நாளிலும் வண்டி வீட்டில் நிற்கும், தவணை நிற்காது.

படி 2: மஞ்சள் போர்டு

சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், பெர்மிட் இல்லாத குற்றத்துக்கு முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பயம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை வாடகை வண்டியாக மாற்றி, பெர்மிட்டும், வண்டி ஓட்டத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்றும் வாங்கி, இன்சூரன்சையும் வாடகை வண்டிக்கு உரியதாக மாற்றுங்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அதன்பின் வருடா வருடம். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும்.

வாடகை வண்டி ஓட்ட லைசென்சில் தனியாக வாங்கும் அனுமதியான பேட்ஜ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிக்கு சாதாரண கார் லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் சேரப்போகும் நிறுவனம் என்ன கேட்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

படி 3: கமிஷனா, தினக் கட்டணமா?

சில செயலிகள் ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிக்கும். சிலவற்றில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் வாடகை முழுக்க நமக்கு. முழுநேரம் ஓட்டுபவருக்கு இரண்டாவதுதான் நல்லது. மூன்று நான்கு சவாரி மட்டும் ஓட்டுகிற நமக்குப் பெரும்பாலும் கமிஷனே கட்டுப்படியாகும். இரண்டையும் ஒரு வாரம் ஓட்டி, கையில் நின்ற பணத்தை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: காலியாகத் திரும்பாதீர்கள்

ஆரம்பத்தில் பெரிய வாடகை என்று ஆசைப்பட்டு, அன்னூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். திரும்பும்போது ஒரு சவாரியும் விழவில்லை. பாதி வாடகை பெட்ரோலுக்கே போனது. இப்போது ஏற்கும் முன் இறங்கும் இடத்தைப் பார்க்கிறேன். போகும் திசையிலேயே சவாரி கேட்கும் வசதி சில செயலிகளில் உண்டு. காலையில் கிளம்பும்போது கோவையையும், மாலையில் ஊரையும் அதில் போட்டுவிடுங்கள். பீளமேடு விமான நிலையம், ரயில் நிலையம், அவிநாசி சாலை மருத்துவமனைகள் பக்கம் நின்றால் காத்திருப்பு குறையும். ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள்; அது அந்த அண்ணன்களின் பிழைப்பு.

நம் ஊர்ப் பெரியவர்கள் செயலியைத் தொடமாட்டார்கள், போன்தான் செய்வார்கள். மஞ்சள் போர்டு இருப்பதால் அந்த வாடகையை நேரடியாகவே எடுக்கலாம். டீக்கடையிலும் மருந்துக்கடையிலும் நம்பரைக் கொடுத்து வையுங்கள். காலையில் கோவை மருத்துவமனைக்கு ஒருவரை ஏற்றிப் போனால், அந்த 20 கிலோமீட்டர் காலி ஓட்டம் அன்றைக்கு இல்லை. எனக்கு இந்த வேலை கட்டுப்படியானதே அதற்குப் பிறகுதான். ஆனால் செயலியில் வந்த சவாரியை ரத்து செய்யச் சொல்லிவிட்டுக் கையில் பணம் வாங்காதீர்கள். வழியில் ஏதாவது நடந்தால் பயணிக்கும் பாதுகாப்பில்லை, நமக்கும் இல்லை.

படி 5: கிளம்பும் முன்

மீட்டர் அளவை நோட்டில் எழுதுங்கள், திரும்பியதும் எழுதுங்கள். சிக்னல் கிடைக்காத கிராமச் சாலைகளுக்காக வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். பயணியின் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் தோப்புச் சாலைகளில் மயில் சட்டென்று குறுக்கே வரும்; அங்கே வேகம் வேண்டாம்.